தொட்டிச் சுவரும் ஒரு கரண்டியும்

பெல்ட்டுக்காரர் வீட்டுப் பின்னறைக்கு நாலு சுவர். மூன்றுதான் வீட்டுக்குச் சொந்தம். நாலாவது வாரியத்தின் கசடுத் தொட்டிக்குச் சொந்தம். ஊழியர் குடியிருப்பு கட்டிய காலத்தில் எந்தப் புண்ணியவானோ, தொட்டிக்குத்தான் ஏற்கெனவே சுவர் இருக்கிறதே, பக்கத்திலேயே இன்னொன்று எதற்கு என்று யோசித்திருக்கிறான். பதினோரு வீடுகளை அந்தச் சுவரிலேயே ஒட்டவைத்து, சிக்கனத்துக்காகப் பாராட்டுக் கடிதமும் வாங்கிக்கொண்டு ஓய்வு பெற்றுப் போய்விட்டான். அவன் குடியிருந்த வீடு நிச்சயமாக இந்த வரிசையில் இல்லை.

தொட்டி என்றால் குளிக்கிற தொட்டி என்று நினைத்துவிடாதீர்கள். ஊர் முழுக்கக் கக்கூஸிலும் குளியலறையிலும் போகிற தண்ணீர் இந்தச் சுத்திகரிப்பு நிலையத்துக்குத்தான் வரும். காற்றை ஊதி, கலக்கி, தெளியவைத்து, மேலே நிற்கிற தண்ணீரை ஆற்றில் விட்டுவிடுவார்கள். அடியில் தங்குகிற கறுப்புக் கூழுக்குப் பெயர் கசடு. அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பங்கு இன்னமும் தண்ணீர்தான். அதைப் பிழிந்து எடுத்தால் மிச்சம் கட்டியாக வரும், லாரியில் அள்ளி அனுப்பிவிடலாம். பிழியாவிட்டால் தொட்டியில் நிற்கும். ஊர் கக்கூஸுக்குப் போவதை ஒருநாளும் நிறுத்தாது, ஆகையால் தொட்டியும் ஏறிக்கொண்டே இருக்கும்.

பிழிகிற மெஷினுக்கு வயது இருபத்தாறு. இரண்டு அகலமான வலைப் பெல்ட்டுகள், நடுவே கசடு, மேலும் கீழும் உருளைகள். நெரித்தால் தண்ணீர் கீழே இறங்கிவிடும், கட்டி தள்ளுவண்டியில் விழும். பத்தொன்பது வருஷமாக அதை ஓட்டுகிறவர் நம் ஆள். பெல்ட்டுக்காரர் என்பதே பெயராகிவிட்டது. அடையாள அட்டையைப் பார்த்தால்தான் சொந்தப் பெயர் அவருக்கே ஞாபகம் வரும். முன்பெல்லாம் நாளுக்கு இருபது தள்ளுவண்டி கட்டி எடுப்பார். இப்போது நாலு எடுத்தால் பெரிய விஷயம். பெல்ட்டில் இருநூறு ஒட்டு, அத்தனையும் அவர் கையால் மீன்பிடி நரம்பு போட்டுத் தைத்தவை. மற்ற பதினாறு வண்டிக் கசடு எங்கே போகும்? பின்னறைச் சுவருக்குப் பின்னால்தான்.

அந்தப் பின்னறையில் படுத்திருப்பது அவருடைய அக்கா. ஆறு வருஷத்துக்கு முன்பு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. வலது கையும் வாயும் மட்டும் முன்பைவிட நன்றாக வேலை செய்கின்றன. அப்பா அம்மா போன பிறகு பத்து வயதுத் தம்பியைத் துணி தைத்து வளர்த்தவர் அவர். ஊசி பிடிக்கவும் அவர்தான் கற்றுக்கொடுத்தார். அந்தத் தையல்தான் இப்போது பெல்ட்டில் ஓடுகிறது. வீட்டில் முன்னறையும் பின்னறையும்தான். முன்னறையில் அடுப்பு, அலமாரி, கணவன் மனைவி. அக்காவின் இரும்புக் கட்டிலுக்குப் பின்னறையைத் தவிர வேறு இடமே கிடையாது, தலைமாடு தொட்டிச் சுவரோடு.

கூப்பிடுவதற்காக அக்காவிடம் ஒரு குழம்புக் கரண்டியைக் கொடுத்திருந்தார்கள். சுவரில் தட்டினால் பெல்ட்டுக்காரரின் மனைவி ஓடிவருவார். தட்டித் தட்டி அக்கா ஒன்றைக் கண்டுபிடித்தார்.

"இங்க வாடா. இதக் கேளு." சுவரின் மேற்பக்கம் தட்டினார். டங். "உள்ள காத்து." கீழே தட்டினார். தொப். "உள்ள சரக்கு. போன மாசம் தொப்பு கட்டில் காலோட நின்னுச்சு. இப்ப தலகாணிக்கு வந்துருச்சு."

அன்றிலிருந்து வாரத்துக்கு ஒரு பென்சில் கோடு. கைக்கு எட்டாத உயரம் போனதும் மனைவி கட்டில்மேல் ஏறித் தட்டினார், அக்கா காதை வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். தலையணையைத் தாண்டி, காலண்டர் ஆணியைத் தாண்டி, கோடு கடிகாரத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. கடிகாரத்துக்கு மேலே ஒரு முழம், அதோடு சுவர் முடிந்தது.

வாரியத்துக்கும் தொட்டியின் மட்டம் தெரியாமல் இல்லை. அலுவலகத்தில் முள் வைத்த அளவுமானி ஒன்று உண்டு. அந்த முள் மூன்று வருஷமாக நாற்பது சதவீதத்தில் துருப்பிடித்து நிற்கிறது. பெல்ட்டுக்காரர் ஒருநாள் பதிவேட்டில் 'முள் ஓடவில்லை' என்று எழுதிவிட்டார். அந்தக் கட்டத்தில் எண்தான் எழுத வேண்டும் என்று விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது. பிறகு 'காலண்டர் ஆணிக்கு நாலு விரல் மேல்' என்று எழுதிப் பார்த்தார். கண்காணிப்பாளர் அதைச் சிவப்பு மையில் அடித்து நாற்பது என்று திருத்தினார். கண்காணிப்பாளர் நல்ல மனுஷன்தான். ஆனால் யாராவது மேலதிகாரி தும்மினால் இவர் கைக்குட்டையை நீட்டி மன்னிப்பும் கேட்பார்.

புது மெஷின் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. மெஷின் கூடத்திலிருந்து இருபது அடி நடந்தால் முற்றம், முற்றத்தின் நடுவே இடுப்பு உயரத்தில் நீண்ட மரப்பெட்டி, அதற்குள் புத்தம்புதிய பிழிகிற மெஷின். வந்து இரண்டு வருஷம் ஆகிறது. வாரியத்தில் முதலில் வாங்கிவிடுவார்கள், அது தேவைதானா என்பதைப் பிறகு நிதானமாக ஆராய்வார்கள். ஆராய்வதற்கு ஒரு குழு: கசடு நீர்நீக்க இயந்திர மேம்பாட்டு ஆய்வுக் குழு. விதி எளிமையானது. பழைய மெஷின் குழுவின் கண் முன்னால் ஓடாமல் நிற்க வேண்டும். நின்றால் பெட்டியைத் திறக்கலாம்.

முதல் ஆய்வுக்கு நாள் குறித்தபோது பெல்ட்டுக்காரர் என்ன செய்தார் தெரியுமா? மூன்று நாள் முன்னாலிருந்தே மெஷினைத் துடைத்தார். உருளைகளுக்கு மசகு போட்டார். பெல்ட்டில் நைந்த இடமெல்லாம் புதிதாகத் தைத்தார். பத்தொன்பது வருஷப் பழக்கம். அதிகாரி வருகிறார் என்றால் மெஷின் ஓட வேண்டும். தன் கையிலிருக்கிற மெஷின் நாலு பேர் முன்னால் மக்கர் பண்ணினால் அவருக்குச் சோறு இறங்காது. அது ஓடாமல் நின்றால்தான் அக்காவுக்கு நல்லது என்பது மூளைக்குத் தெரியும். கைக்குத் தெரியவில்லை.

குழுத் தலைவர் வெள்ளைக் கையுறையும் மூக்குக்கு ஒரு கட்டும் போட்டுக்கொண்டு வந்தார். சோதனை பதினோரு நிமிடம். ஏன் பதினோரு நிமிடம் என்றால், அந்த வாடையில் பன்னிரண்டாவது நிமிடம் தலைவருக்குத் தலை சுற்றும். அதை வைத்துத்தான் வாரியம் தர நிர்ணயம் செய்திருந்தது. பதினோரு நிமிடமும் மெஷின் கல்யாணப் பெண் போல அடக்கமாக ஓடியது. பதின்மூன்றாவது நிமிடம் ஒரு உருளை அலறி நின்றபோது, தலைவர் முற்றத்தில் மரப்பெட்டியின் மேல் ஏறி நின்றிருந்தார். பேசுவதற்கு அந்த நிலையத்தில் அதைவிட வசதியான உயரம் வேறு இல்லை.

"நண்பர்களே, ஓடுகிற இயந்திரத்தை மாற்றுவது மேம்பாடு அல்ல, அவமரியாதை. இந்தக் குழு ஆறு ஆண்டுகளில் முப்பத்தொரு நிலையங்களை ஆய்வு செய்திருக்கிறது. ஒரு இயந்திரத்தைக்கூட மாற்றாமல் மேம்பாட்டை நடத்திக் காட்டியிருக்கிறோம். இந்தச் சாதனையை உடைக்க நான் இங்கே வரவில்லை." இப்படிச் சொல்லிவிட்டு, காலடியில் இருந்த பெட்டியைக் குதிகாலால் தட்டினார். "உள்ளே இருப்பது நல்ல இயந்திரம். அது அப்படியே நல்லதாக இருக்க வேண்டுமானால் திறக்கக் கூடாது."

பெல்ட்டுக்காரருக்குச் சிறந்த பராமரிப்பாளர் என்று ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். அதை வீட்டுக்குக் கொண்டுபோனார்.

"மாட்டுடா, இந்தச் சுவத்துலயே மாட்டு," என்றார் அக்கா. "கடியாரத்துக்குப் பக்கத்துல. தொப்பு அது வரைக்கும் வந்தா நீ வாங்கின பட்டத்தைக் கசடும் பாத்துக்கட்டும்."

"நான் என்ன பண்றது அக்கா? ஓட்டுன்னாங்க, ஓட்டினேன்."

"ஓட்டுன்னா ஓட்டு. அலங்காரம் பண்ணச் சொன்னாங்களா? என்னைக் கொல்றதுக்கு வெளிய ஆளே வேணாம், உன் கைத்தையல் போதும்."

அக்கா பேச்சு அப்படித்தான். ஆனால் அன்று முன்னறைக்கு வந்த பெல்ட்டுக்காரர் தட்டில் போட்டதை அளைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார். 

மூன்று மாதம் போனது. கோடு கடிகாரத்தின் அடிவிளிம்பைத் தொட்ட வாரத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை, பெல்ட் கிழிந்தது. சின்னக் கிழிசல் இல்லை. இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும் ஒரே கிழி. கசடு தரையெல்லாம் கொட்டியது. பெல்ட்டுக்காரர் முழங்கால் வரை சேற்றில் நின்றுகொண்டு சிரித்தார். பத்தொன்பது வருஷத்தில் மெஷின் நின்றதற்காக அவர் சந்தோஷப்பட்டது அன்றுதான்.

கண்காணிப்பாளரிடம் ஓடினார். "சார், கிழிஞ்சிருச்சு. முழுசாக் கிழிஞ்சிருச்சு. குழுவைக் கூப்பிடுங்க, பெட்டியத் திறந்துறலாம்."

"அவங்க பாக்கும்போது கிழிஞ்சுதா?"

"இல்ல சார், இப்பத்தான், பத்து நிமிஷம் முன்னாடி."

"குழு முன்னாடி கிழியாதது கிழிசலே இல்லைய்யா. சரி, வரச்சொல்றேன், வியாழக்கிழமை வருவாங்க." கண்காணிப்பாளர் யோசித்தார். முகம் மெல்ல வெளுத்தது. "அது வரைக்கும் அது கிழிஞ்சேவா கிடக்கும்?"

"கிடந்தாத்தானே சார் அவங்க பாப்பாங்க?"

"அவ்வளவு பெரிய மனுஷங்களுக்குக் கிழிஞ்சதையா காட்டறது? மரியாதையா இருக்குமா? கவனக்குறைவுன்னு உம்மேல எழுதுவாங்க, அதைப் பாத்துக்காததுக்கு எம்மேல எழுதுவாங்க. உன் வேலை போனா குடியிருப்பும் போகும், தெரியுமில்ல? நான் தைக்கச் சொல்லல. தைக்காதேன்னும் சொல்லல. பாத்துச் செய்."

புதன்கிழமை பெல்ட்டுக்காரர் கிழிந்த பெல்ட்டுக்கு எதிரே ஒரு கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்திருந்தார். தைக்கக் கூடாது என்று சத்தியம் பண்ணிக்கொண்டார். அக்காமேல் சத்தியம். ஒரு மணி நேரம் பார்த்தார். கிழிசலின் இரண்டு ஓரமும் ஒழுங்கில்லாமல் தொங்கின. ஓரத்தையாவது நேராக வெட்டிவிடுவோம், பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று எழுந்தார். வெட்டினார். வெட்டியதும் இரண்டு ஓரமும் அழகாகப் பொருந்தின. நாலு முடிச்சு போட்டு வைப்போம், தரையில் புரளாமல் இருக்கும் என்று நரம்பை எடுத்தார். வேலை நேரம் முடிகிற மணி அடித்தபோது நிமிர்ந்து பார்த்தார். கரையிலிருந்து கரை வரைக்கும் இரட்டைத் தையல், அவர் வாழ்க்கையிலேயே தைத்ததில் மிக நல்ல தையல். கையைத் தொங்கவிட்டுக்கொண்டு அங்கேயே நின்றார். அழுகை வந்தது.

சரி, தையல் தாங்காது, உண்மையான கசடு உள்ளே போனால் பிய்த்துக்கொள்ளும் என்று ஒரு நப்பாசை இருந்தது. வியாழக்கிழமை குழு தன் கசடைத் தானே கொண்டுவந்தது. இருபது சீல் வைத்த கேன்கள், ஒவ்வொன்றிலும் 'தரப்படுத்தப்பட்ட கசடு' என்று சீட்டு. திறந்து பார்த்தால் சாம்பல் நிறத்தில், மாவு கரைத்த தண்ணீர் மாதிரி, லேசாக எலுமிச்சை வாசனையோடு இருந்தது.

"சார், இது கசடு இல்லையே," என்றார் பெல்ட்டுக்காரர்.

"உங்கள் கசடு இடத்துக்கு இடம், நாளுக்கு நாள் மாறுகிறது," என்றார் தலைவர். "நாற்றம் வேறு. அதை வைத்து எப்படி நடுநிலையோடு சோதிப்பது? கசடின் குறையை இயந்திரத்தின் தலையில் கட்டுவது அநியாயம். இதை எங்கள் ஆய்வுக்கூடத்திலேயே தயாரிக்கிறோம். இதுவரை எந்த இயந்திரமும் இதனால் பழுதானதில்லை."

மெஷின் அதைப் பதினோரு நிமிடம் முகம் சுளிக்காமல் பிழிந்தது. தலைவர் பெட்டிமேல் ஏறினார். கிழிந்ததாகச் சொல்லப்படும் பெல்ட்டில் இவ்வளவு நேர்த்தியான தையலைத் தாம் கண்டதில்லை என்றும், இயந்திரம் இன்னும் பத்தாண்டு தாங்கும் என்றும் சொன்னார். அவர்கள் கார் வாசலைத் தாண்டியதும் பெல்ட்டுக்காரர் நிஜக் கசடைத் திறந்துவிட்டார். ஐந்தே நிமிடம். தையல் நின்றது, அதற்குப் பக்கத்தில் துணி பிய்ந்துவிட்டது. அதன் பிறகு அந்த மெஷின் எழுந்திருக்கவே இல்லை. நாளுக்கு இருபது வண்டியும் தொட்டிக்குப் போனது.

இப்போது கோடு வாரத்துக்கு ஒன்று இல்லை, நாளுக்கு ஒன்று. கடிகாரத்தைக் கழற்றிவிட்டார்கள். சுவரின் அடியில் வியர்த்த மாதிரி ஈரம் கண்டது. பெல்ட்டுக்காரர் மனு எழுதினார். எழுதியவர் அவர், வாசகம் சொன்னவர் அக்கா. தொட்டி நிரம்புகிறது, கரண்டியால் தட்டிப் பார்த்தால் தெரியும், பதினோரு குடும்பம் இருக்கிறது, நடக்க முடியாத ஒருத்தி இருக்கிறாள், தயவுசெய்து பெட்டியைத் திறக்கவும். கீழே பதினோரு வீட்டாரும் கையெழுத்துப் போட்டார்கள்.

நான்காம் நாளே தலைவர் நேரில் வந்தார். வீடு ரெண்டுபட்டுப் போனது. மனைவி நாற்காலி தேடினார். தலைவர் உட்காராமல் கட்டிலுக்கு எதிரே நின்று அக்காவைப் பார்த்தார், பிறகு கரண்டியைப் பார்த்தார்.

"இதுதான் அந்தக் கருவியா?"

"கருவியெல்லாம் இல்லைங்க, கரண்டி," என்றார் அக்கா. "இருங்க, தட்டிக் காட்டறேன். கேட்டுக்கிட்டு அப்புறம் பேசுங்க."

"வேண்டாம். இது தரப்படுத்தப்பட்ட கரண்டியா? எடை என்ன? கடைசியாக எப்போது பரிசோதிக்கப்பட்டது?"

"நேத்து சாம்பார்ல."

தலைவருக்குச் சிரிப்பு வரவில்லை. "அம்மா, நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு நோயாளி, ஒரு கரண்டி, ஒரு சுவர். இந்த மூன்றில் சுவர் மட்டும்தான் வாரியத்தின் பதிவேட்டில் இருக்கிறது. எங்கள் அளவுமானி நாற்பது என்கிறது. மூன்று வருடமாக ஒருநாள்கூட மாற்றிச் சொன்னதில்லை. உங்கள் கரண்டி நாளுக்கு ஒன்று சொல்கிறது. எதை நம்புவது?" கரண்டியை ஒரு பாலித்தீன் பையில் போட்டுச் சீல் வைத்தார்கள். பரிசோதனைக்குப் பிறகு திருப்பித் தரப்படும் என்று ரசீது எழுதினார்கள். வாரியச் சுவரில் பென்சிலால் கிறுக்கியதற்கு ஒரு நோட்டீஸும் தனியாகக் கொடுத்தார்கள்.

அக்கா விரல் முட்டியால் தட்ட ஆரம்பித்தார். முட்டி புண்ணாகிவிட்டது. "போதும் அண்ணி," என்று மனைவி கையைப் பிடித்தார். அக்கா கையை இழுத்துக்கொண்டார்.

"நான் வேற வீட்டுக்குக் கேட்டுப் பாக்கறேன் அக்கா," என்றார் பெல்ட்டுக்காரர். கேட்டும் பார்த்தார். அவருக்குத் தெரிந்தவர்கள் வீடெல்லாம் மாடியில், ஏணி மாதிரிப் படிகள். சித்தி மகன் வீட்டில் இடம் இருந்தது, மனசு இல்லை. மருத்துவமனையில் கேட்டார்கள்: என்ன உடம்புக்கு? சுவருக்கு உடம்பு சரியில்லை என்று சொன்னால் சேர்த்துக்கொள்வார்களா? ஒருநாள் நீளக் கம்பு ஒன்றை எடுத்துத் தொட்டியின் விளிம்பில் ஏறி விட்டுப் பார்த்தார். விளிம்புக்கும் கசடுக்கும் நடுவே ஒரு சாண். கம்பைக் கண்காணிப்பாளரின் மேஜைமேல் வைத்தார். கண்காணிப்பாளர் கம்பைப் பார்த்தார், அளவுமானியைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியாதுன்னு நினைக்கறியா? தெரியும்யா. ஆனா தெரிஞ்சதுன்னு எழுதினா, எப்போலேர்ந்து தெரியும்னு கேப்பாங்க," என்றார். அப்புறம் மெதுவாக, "கம்பைக் கழுவி வை," என்றார்.

பன்னிரண்டாம் நாள் காலை பத்து மணிக்குக் கரண்டி திரும்பி வந்தது. தலைவரே கொண்டுவந்தார். கைப்பிடியில் ஒரு பித்தளை வில்லை, அதில் வரிசை எண், கூடவே தரச்சான்று. விதிப்படி சுவரைத் தட்டும் அதிகாரம் இனி குழுத் தலைவருக்கு மட்டும்தான். ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறினார். கீழே தட்டினார். தொப். நடுவில் தட்டினார். தொப். ஆணியிருந்த இடத்தில், கடிகாரம் இருந்த இடத்தில், அதற்கும் மேலே, கூரையை ஒட்டித் தட்டினார். தொப், தொப், தொப்.

தலைவர் முகம் மலர்ந்தது. "எழுதிக்கொள்ளுங்கள். மனுதாரர் கூறியபடி இருவேறு ஒலிகள் கேட்கவில்லை. அடியிலிருந்து நுனிவரை ஒரே சீரான ஒலி. சுவர் திருப்திகரமாக உள்ளது." பெல்ட்டுக்காரரின் தோளைத் தட்டிக்கொடுத்தார். "பாருங்கள், தரமான கரண்டி என்றால் எவ்வளவு வித்தியாசம்."

அவர்கள் முற்றத்துக்குப் போனார்கள். அக்கா தம்பியைப் பார்த்தார். அந்த முகத்தில் கிண்டலே இல்லை. 

"மேல வரைக்கும் தொப்பு. கேட்டியா? பத்து வீட்டுக் கதவையும் தட்டு. அப்புறம் என்னைத் தூக்கு."

"முதல்ல உன்னத் தூக்கிடறேன்."

"சொன்னதைச் செய்டா. நான் கனம். என்னைத் தூக்கிட்டு நீ பத்துக் கதவு தட்ட முடியாது."

அவர் இந்தப் பக்கமும் மனைவி அந்தப் பக்கமுமாக ஓடினார்கள். பிள்ளைகளை இழுத்துக்கொண்டு, ஈரத் துணியோடு, பாதிச் சமையலோடு எல்லோரும் தெருவுக்கு வந்தார்கள். பெல்ட்டுக்காரர் திரும்பி வந்தபோது சுவரின் அடியில் ஒரு செங்கல் தானாக முன்னால் நகர்ந்து நின்றது. அக்காவை முதுகில் ஏற்றிக்கொண்டார். மனைவி பின்னாலிருந்து இழுத்துக்கொண்ட காலைத் தாங்கினார். முன்னறை நிலையைத் தாண்டி நாலு எட்டு வைத்திருப்பார்கள். பெரிய சத்தமெல்லாம் இல்லை. ஒரு ஏப்பம் விட்ட மாதிரி இருந்தது, பிறகு பதினோரு வீட்டுக்குள்ளும் கசடு நிதானமாக வந்து உட்கார்ந்தது. மிஞ்சியது முற்றத்துக்கு வழிந்தது. முழங்கால் வரை வந்தது, தொடைக்கு ஏறிக்கொண்டிருந்தது. முதுகில் அக்கா, அடியில் வழுக்கல். முற்றத்தில் உயரமான இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

அதன்மேல் தலைவர் நின்று பேசிக்கொண்டிருந்தார். கண்காணிப்பாளர் கசடுக்குள் நின்றபடி குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்.

"சார், கொஞ்சம் நகருங்க சார். அக்காவப் படுக்க வைக்கணும்."

"நான் இன்னும் முடிக்கவில்லை," என்றார் தலைவர்.

"சார், கை நழுவுது சார்."

கண்காணிப்பாளர் இவர் காதருகே குனிந்தார். "அது புது மெஷின்யா. அதுமேல பாரம் ஏத்தக் கூடாதுன்னு பெட்டியிலயே எழுதியிருக்கு."

 பெல்ட்டுக்காரர் திரும்பி நின்று, அக்காவைத் தலைவரின் காலடியில் பெட்டியின் ஓரமாக உருட்டிவிட்டார். தலைவர் ஒரு காலைத் தூக்கி இடம் கொடுத்தார். ஒற்றைக் காலில் நின்றபடியே பேச்சை முடித்தார். எந்த ஆபத்திலும் வாரியம் மக்களுக்குத் தோள் கொடுக்கும் என்பது அதன் கடைசி வரி. அக்கா படுத்தபடி அவருடைய செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினோரு குடும்பமும் உயிரோடு இருந்தன. சுவர் திடீரென விழாமல் படிப்படியாக இணங்கிக் கொடுத்ததே காரணம் என்று அறிக்கை சொன்னது. குடும்பங்கள் சொந்தக்காரர்கள் வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்குமாகச் சிதறின. பெல்ட்டுக்காரருக்கு மெஷின் கூடத்தில், கசடில் கலக்கிற மருந்து மூட்டைகளை வைக்கிற அறையைக் கொடுத்தார்கள். மூன்று பேருக்கும் அதுதான் வீடு. கட்டில் கசடுக்கு அடியில். பழைய பெல்ட்டின் நல்ல துண்டு ஒன்றை நாலாக மடித்து அக்காவுக்குப் படுக்கை போட்டார்.

சுவர் போனதும் கூரைகளும் சரிந்திருந்தன. அள்ளுவதற்கு ஆணை வரவில்லை. இருபது நாள் நல்ல வெயில். தண்ணீர் தரை இடுக்கில் இறங்கியது, ஆவியாகப் போனது. கறுப்புக் கூழ் பாளம் பாளமாக வெடித்தது. இருபத்தொன்றாம் நாள் தலைவர் வந்தார். பெல்ட்டுக்காரர் வீட்டுப் பின்னறைக்குள் கையுறையோடு ஒரு கட்டியை எடுத்து உடைத்தார். உடைந்தது. ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். மெஷின் நல்லாயிருந்த காலத்தில் எடுத்த கட்டியைவிட இருமடங்கு உலர்ச்சி என்று முடிவு வந்தது.

பெட்டிமேல் ஏறியபோது தலைவரின் குரல் தழுதழுத்தது. "மின்சாரம் இல்லை. உருளை இல்லை. பெல்ட் இல்லை. ஆறு ஆண்டுகளாக இந்தக் குழு எதைத் தேடியதோ அது இங்கே, பதினோரு அறைகளில், தானாக நிகழ்ந்திருக்கிறது. இதோ, மேம்பாடு. இனி இந்த வளாகம் இயற்கை நீர்நீக்கப் படுகை என்று அழைக்கப்படும். தொட்டிக்கும் படுகைக்கும் இடையே ஒரு மதகு வைத்தால் போதும். காய்ந்ததும் மறுபடி நிரப்பலாம்." புது மெஷினைப் பற்றி யாரோ கேட்டார்கள். பெட்டி ஏற்கெனவே மேடையாகப் பயன்பாட்டில் இருப்பதால் திறக்க வேண்டியதில்லை என்றார்.

அன்று மாலையே உத்தரவு வந்தது. பெல்ட்டுக்காரர் படுகைப் பொறுப்பாளராக மாற்றப்படுகிறார். அறை எண் ஏழிலிருந்து பணி தொடங்க வேண்டும். அறை எண் ஏழு அவருடைய வீடு. அளவுமானி முள் மட்டும் எப்போதும் போல நாற்பதில் இருந்தது.

மேலிடத்திலிருந்து திறந்து வைக்க ஆள் வருவதற்கு முந்தின நாள் கண்காணிப்பாளர் அவரைத் தனியாகக் கூப்பிட்டார். "பாக்க நல்லா இருக்கணும்யா. நான் சொல்லல. பாத்துச் செய்," என்றார்.

பெல்ட்டுக்காரர் நீளக் கைப்பிடி போட்ட மட்டப்பலகையை எடுத்துக்கொண்டு தன் வீட்டுக்குள் போனார். அக்கா தானும் வருவேன் என்று அடம்பிடித்தார். அவரை ஒரு நாற்காலியில் வைத்து மனைவியும் அவருமாகத் தூக்கி முன்னறை நிலையருகே இறக்கினார்கள். மனைவி உள்ளே பார்க்கவில்லை. வெளியே திரும்பி நின்றுகொண்டார். பின்னறையில் சுவரின் ஒரு துண்டு விழாமல் நின்றது. அதில் தலையணை உயரத்திலிருந்து காலண்டர் ஆணி வரைக்கும் பென்சில் கோடுகள் அப்படியே இருந்தன.

பெல்ட்டுக்காரர் பாளங்களைப் பார்த்தார். ஒரு மூலை மேடாகவும் ஒரு மூலை பள்ளமாகவும் இருந்தது. நாளைக்கு நிரப்பினால் ஒரு பக்கமாகச் சாயும். கட்டில் இருந்த இடத்தில் அதன் வடிவத்துக்கே ஒரு மேடு. பலகையை வைத்து மெல்ல இழுத்தார். இன்னொரு இழுப்பு. ஓரங்களை முட்டிபோட்டு உட்கார்ந்து கையாலேயே நேராக்கினார். அக்கா பலகை போன பக்கமெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டேய்," என்றார் கடைசியில்.

"ம்."

"நல்லா பண்றடா. ரொம்ப நல்லா இருக்கு. வர்றவங்க பாத்தா இன்னும் பத்து வருஷத்துக்கு இதுவே போதும்னு எழுதிக் குடுத்துட்டுப் போயிருவாங்க."

பெல்ட்டுக்காரருக்குக் காதில் விழுந்தது. நன்றாகவே விழுந்தது. பலகையைக் கீழே போட்டுவிட வேண்டும் என்றுதான் நினைத்தார். கட்டில் மேட்டில் இன்னும் கொஞ்சம் மேடு பாக்கி இருந்தது. அதை மட்டும் இழுத்துவிட்டுப் போடலாம் என்று இழுத்தார். பிறகு பக்கத்தில் இருந்ததையும் இழுத்தார்.